கேட்பாரற்றோரும் கேட்பாரும்: விழுப்புரம் மாவட்டக் காப்பகங்களை முன்வைத்து உறைவோர் உரிமைகள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதுமை, நோய், மனநலக் குறைவு, குடும்பப் பிரிவு ஆகிய காரணங்களால் காப்பகங்களில் வாழ்வோருக்கு இந்தியச் சட்டங்கள் பல உரிமைகளை வழங்கியுள்ளன. ஆயினும் அவற்றைத் தாமே கேட்டுப் பெறும் நிலையில் அவர்களுள் பெரும்பாலோர் இல்லை. 2023ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் வெளிப்பட்ட நிகழ்வை மையமாகக் கொண்டு, காப்பகங்களைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள், அறக்கொடை மரபு, நடப்புச் சட்டங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமைக்கும் அதன் நடைமுறைக்கும் இடையில் ‘கேட்பவர்’ ஒருவர் தேவைப்படுகிறார் என்பதும், அவ்விடத்தை உறவினரின் தற்செயலான அக்கறைக்கு விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச் சொற்கள்: காப்பகம், முதியோர் இல்லம், உறைவோர் உரிமை, குண்டலப்புலியூர், மனநலப் பராமரிப்புச் சட்டம், குறைகேட்பாளர்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10.4 விழுக்காட்டினர். அப்போதைய தேசியச் சராசரி 8.6 விழுக்காடு. முதியோர் விழுக்காடு மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழகம் வைத்து எண்ணப்படுகிறது. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்வதால் ஊரில் தனித்து வாழும் முதியோர் பெருகியுள்ளனர். இவர்களைப் பராமரிக்கும் இடங்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் முதியோரின் தனிமையையும் பிள்ளைகளின் கடமையையும் பேசுகின்றன. காப்பகத்தின் வாயிலுக்குள் நுழைந்த பின்னர் ஒருவருடைய உரிமைகள் என்னவாகின்றன என்ற வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. அவ்வினாவை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் சட்டமும்

மேலை நாடுகளில் ‘நர்சிங் ஹோம்’ எனப்படுவது, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதோர் நெடுங்காலம் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடமாகும். தமிழக வழக்கில் அதே சொல் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறது. நெடுங்காலப் பராமரிப்பு இடங்களை நாம் முதியோர் இல்லம், கருணை இல்லம், ஆதரவற்றோர் காப்பகம், மறுவாழ்வு மையம், ஆசிரமம் எனப் பல பெயர்களால் வழங்குகிறோம்.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. தனியார் மருத்துவமனை என்ற பொருளில் அமைந்த நர்சிங் ஹோம், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ் வருகிறது. மனநலம் குன்றியோர் தங்கும் இடம் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் கீழும், மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் கீழும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளும் இல்லங்களும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் கீழும் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால், ஒரே கூரையின் கீழ் முதியவர், மனநோயாளர், மாற்றுத்திறனாளி, வீதியிலிருந்து அழைத்து வரப்பட்டவர் ஆகிய அனைவரையும் வைத்திருக்கும் ‘ஆசிரமம்’ எந்தத் துறையின் பொறுப்பு? ஒவ்வொரு துறையும் அது மற்றொரு துறைக்குரியது எனக் கருத இடமிருக்கிறது. பெயரின் நெகிழ்ச்சி கண்காணிப்பின் நெகிழ்ச்சியாகிவிடுகிறது.

காப்பகத்துடன் தொடர்புடைய வினைச்சொல்லும் கருதத்தக்கது. “அவர் இல்லத்தில் சேர்ந்தார்” என்று கூறுவோர் குறைவு. “அவரை இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்” என்பதே பெருவழக்கு. உறைபவர் எழுவாயாக நிற்கவேண்டிய இடத்தில் செயப்படுபொருளாக நிற்கிறார். திண்டிவனம் பகுதியிலுள்ள ஓர் இல்லத்தில் கட்டுரையாளரின் உறவுமுறைப் பாட்டி ஒருவர் சேர்க்கப்பட்டபோது நிரப்பிய படிவத்தில், அழைத்து வந்தவரின் பெயர், உறவுமுறை, கைப்பேசி எண், கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. சேரவிருந்த பாட்டியின் கையொப்பத்திற்கோ கைந்நாட்டிற்கோ இடம் இல்லை. அவர் கையெழுத்திடத் தெரிந்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டியவர். அவரிடம் ஒரு வினாவும் கேட்கப்படவில்லை. அங்கு எவரும் கடுஞ்சொல் கூறவுமில்லை, தீங்கு எண்ணவுமில்லை. உரிமையிழப்பு எப்போதும் கொடுமையாகத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை, ஒரு படிவத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதற்கே இந்நிகழ்வு இங்குச் சுட்டப்படுகிறது.

அறக்கொடை மரபும் அதன் எல்லையும்

ஆதரவற்றோரைப் பேணுதல் தமிழ் மரபில் உயரிய அறமாகப் போற்றப்பட்டுள்ளது. மணிமேகலைக் காப்பியம் காட்டும் உலகவறவி, நோயுற்றோரும் உறுப்புக் குறையுடையோரும் பசித்தோரும் ஒதுங்கும் பொது அம்பலமாகும். அக்காப்பியத்தின் 19ஆம் காதை ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ எனப் பெயர் பெற்றுள்ளது. சிறைப்பட்டோரின் பசியைத் தீர்த்த மணிமேகலை, அச்சிறையை அகற்றி அறவோர்க்குரிய கோட்டமாக்குமாறு சோழ மன்னனை வேண்ட, அவன் அவ்வாறே செய்கிறான். பூட்டிவைக்கும் இடமும் அறம் நிகழும் இடமும் ஒன்றாக இருத்தல் இயலாது என்ற தெளிவை இத்தலைப்பிலேயே காணலாம்.

கல்வெட்டுச் சான்றுகளுள் காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடல் கோயிலிலுள்ள வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு குறிப்பிடத்தக்கது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், பணிப்பெண்கள் உள்ளிட்டோருக்குரிய ஊதியம், நோயாளருக்குரிய அரிசி, இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் ஆகியவை அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. இன்றைய சட்டமொழியில் இதனைக் குறைந்தபட்சத் தரநிலை எனலாம். அத்தரநிலை எவரும் காணும் வகையில் கல்லில் வெட்டப்பட்டிருந்தது என்பது மேலும் சிறப்பிற்குரியது.

எனினும் இம்மரபின் எல்லையையும் உணர வேண்டும். கல்வெட்டு கொடுப்பவரின் குறிப்பே தவிரப் பெறுபவரின் குறிப்பன்று. கொடுத்த அரிசி தமக்குக் கிடைத்ததா என்று அந்த 15 படுக்கைகளில் கிடந்தோர் கூறிய சொல் நமக்குக் கிடைக்கவில்லை. அறம் என்ற கருத்தாக்கம் கொடுப்பவரை மையமிட்டது. உரிமை என்ற கருத்தாக்கம் பெறுபவரை மையமிட்டது. அன்பு, கருணை, அருள் எனப் பெயர் தாங்கிய இல்லங்களில் குறை கூறுதல் நன்றி மறத்தலாகப் பார்க்கப்படுவதற்கு இவ்வேறுபாடு தெளிவுபடாமையே காரணம். இலவசமாக உணவளிக்கப்படுகிறது என்பதால் ஒருவர் தம் உரிமையை இழப்பதில்லை என்பதே சட்டத்தின் நிலை.

குண்டலப்புலியூர், 2023

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகேயுள்ள குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற பெயரில் ஆதரவற்றோர் காப்பகம் ஒன்று பல்லாண்டுகள் இயங்கி வந்தது. 2021 டிசம்பரில் முதியவர் ஒருவர் அங்குச் சேர்க்கப்பட்டார். வெளிநாட்டில் வாழும் அவருடைய உறவினர் பின்னர் அவரைக் காண முயன்றபோது, அவர் பெங்களூருவிலுள்ள வேறோர் இல்லத்திற்கு மாற்றப்பட்டதாகக் கூறப்பட்டது. அங்கும் அவர் காணப்படவில்லை. இதனைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது.

2023 பிப்ரவரியில் காவல்துறையினரும் வருவாய்த்துறை உள்ளிட்ட பிற துறை அலுவலர்களும் அக்காப்பகத்தில் ஆய்வு மேற்கொண்டனர். உரிய பதிவின்றி அது நடத்தப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அவர்களுள் பலர் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தியது, சங்கிலியால் கட்டிவைத்தது, பாலியல் வன்கொடுமை, உறைவோர் காணாமற்போனது ஆகிய குற்றச்சாட்டுகள் எழுந்தன. காப்பக நிர்வாகிகள் கைது செய்யப்பட்டனர். வழக்கு குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. தேசிய மகளிர் ஆணையமும் தாமாக முன்வந்து நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டுகளின் உண்மையை முடிவுசெய்வது நீதிமன்றத்தின் பணியாதலின் இக்கட்டுரை அதனுள் நுழையவில்லை. உண்மை வெளிவந்த வழியே இங்கு ஆய்வுப் பொருளாகும்.

அவ்வழியைக் கூர்ந்து நோக்கின் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, வெளிப்பாட்டிற்கு வித்திட்டது துறைகளின் வழக்கமான ஆய்வு அன்று. ஒரு மனிதரைப் பற்றி ஓர் உறவினர் விடாது கேட்ட கேள்வி. இரண்டாவது, அக்கேள்வி பயன்தர உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது, காணாமற்போன ஒருவரைத் தேடியதனால்தான் அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் பட்டனர். அவர்களுக்காக எவரும் மனு போட்டிருக்கவில்லை. தமிழில் ‘கேட்பாரற்றவர்’ என்றொரு சொல் உண்டு. உணவு அற்றவர், உறைவிடம் அற்றவர் என்பனவற்றினும் இச்சொல் நுட்பமானது. ஒருவருக்காக வினவும் ஆள் இல்லாமையே அவருடைய ஏனைய இழப்புகளுக்கெல்லாம் வாயில் என்பதை அது உணர்த்துகிறது.

முன்னிகழ்வுகள்

குண்டலப்புலியூர் தனித்த நிகழ்வன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. உச்சநீதிமன்றம் இதனைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் எனக் கூறிய 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

2018 பிப்ரவரியில், அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்திலுள்ள கருணை இல்லம் ஒன்றுக்குச் சென்ற வாகனத்தில், காய்கறி மூட்டைகளுடனும் ஓர் உடலுடனும் உயிருள்ள முதியோர் ஏற்றிச் செல்லப்பட்டனர். உள்ளிருந்த மூதாட்டி எழுப்பிய கூக்குரலைக் கேட்டுப் பொதுமக்கள் வண்டியை நிறுத்தினர். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும் அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொடர்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

ஏர்வாடியில் தீ, பாலேஸ்வரத்தில் கூக்குரல், குண்டலப்புலியூரில் ஆட்கொணர்வு மனு என மூன்றிலும் தற்செயலே உண்மையை வெளிக்கொணர்ந்தது. மூன்று நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகள். அதற்குள் சட்டங்கள் மாறின. கண்டறியும் முறை மாறவில்லை.

சட்டம் வழங்கும் உரிமைகள்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயத்தை அணுகும் உரிமையை வழங்குகிறது. மாவட்டத்திற்கு ஒன்றாகத் தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என 19ஆம் பிரிவு கூறுகிறது. இங்கு ‘வேண்டும்’ எனாது ‘லாம்’ என முடியும் வினையே சட்டத்தின் வலிமையைக் குறைத்துவிடுகிறது. பராமரிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கியவர் அவ்வாறு பராமரிக்கத் தவறின், அம்மாற்றத்தை 23ஆம் பிரிவின்படி செல்லாததாக்கலாம். முதியவரைக் கைவிடுதல் 24ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் தனியார் முதியோர் இல்லங்களைப் பதிவு செய்வதற்கான விதி இச்சட்டத்தில் இல்லை. அக்குறையை நீக்க 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை.

இச்சட்டத்தினும் விரிவான உரிமைகளை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வழங்குகிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதாலோ வீடில்லை என்பதாலோ மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என 19ஆம் பிரிவு கூறுகிறது. தூய்மையான சூழல், தனிமை, தம் சொந்த உடையை அணிதல், கட்டாய மொட்டையின்மை, ஊதியமின்றிக் கட்டாய வேலை வாங்கப்படாமை ஆகியன 20ஆம் பிரிவில் அடங்குகின்றன. கைப்பேசி, கடிதம், பார்வையாளர் வழியாகப் பிறருடன் தொடர்புகொள்ளும் உரிமையை 26ஆம் பிரிவும், இலவசச் சட்ட உதவியை 27ஆம் பிரிவும் தருகின்றன. சங்கிலியால் பிணைத்தலை 95ஆம் பிரிவு எவ்வகையிலும் தடை செய்கிறது. வீதியில் திரியும் மனநோயாளரைக் காவல்துறையினர் 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிறுவனத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது 100ஆம் பிரிவின் கருத்து. ஆகவே அவரை நேரே தனியார் காப்பகத்தில் விட்டுவிடுதல் சட்டத்தின் வழியன்று.

2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், முதியோரின் உறைவிடம், உடல்நலம், மாண்பு ஆகியவற்றை அரசமைப்பின் 21ஆம் உறுப்போடு இணைத்துக் கண்டது; மாவட்டந்தோறும் உள்ள முதியோர் இல்லங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டுமாறும் பணித்தது. ஐக்கிய நாடுகள் அவை 1991இல் ஏற்ற முதியோருக்கான கோட்பாடுகள், காப்பகத்தில் வாழும்போதும் மாண்பும் தனிமையும் தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமையும் நீங்குவதில்லை என்கின்றன.

குறைகேட்பாளர் என்னும் ஏற்பாடு

உரிமைகள் இவ்வளவு இருந்தும் அவை வாயிலைத் தாண்டி உள்ளே செல்லாமைக்குக் காரணம், உறைபவரின் சார்புநிலை ஆகும். எவர்மீது குறை கூறவேண்டுமோ அவர் கையால்தான் அடுத்த வேளை உணவும் மருந்தும் வரவேண்டியுள்ளது. இந்நிலையில் புகார்ப் பெட்டியோ உதவி எண்ணோ தனித்துப் பயன்தராது. கைப்பேசி வைத்திருக்க இசைவில்லாதவருக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் எட்டாது.

அமெரிக்காவில் 1972இல் சில மாநிலங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டு, 1978இல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட நெடுங்காலப் பராமரிப்புக் குறைகேட்பாளர் திட்டம் இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு விடை தருகிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் அலுவலர்களும் இல்லங்களுக்குச் சென்று உறைவோருடன் தனித்துப் பேசுகின்றனர். குறை கூறியவரின் பெயர் அவருடைய இசைவின்றி வெளியிடப்படுவதில்லை. தண்டிப்பது அவர்களின் பணியன்று. அது ஆய்வுத் துறையின் பணி. உறைபவர் விரும்புவதை அவர் சார்பில் எடுத்துரைப்பதே அவர்களின் பணி. அவருக்கு எது நல்லது என்று பிறர் எண்ணுவதை அவர்கள் பேசுவதில்லை. பரிந்து பேசுதல் என்பதன் நெறி இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. இல்லையேல் ‘சேர்த்துவிட்டவர்’ இருந்த இடத்தில் மற்றொரு செயப்படுத்துபவர் வந்தமர்வார்.

இந்திய மனநலச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதி என்னும் ஏற்பாடு இதற்கு நெருக்கமானது. 14ஆம் பிரிவின்படி தமக்காகப் பேசுபவரை உறைபவரே எழுத்து வழி நியமிக்கலாம். முதியோர் இல்லங்களுக்கும் இதனை விரிவாக்குதல் தகும்.

விழுப்புரம், திண்டிவனம் அளவில் செய்யத்தக்கன

புதிய சட்டத்திற்குக் காத்திராமல் நடப்பு ஏற்பாடுகளைக்கொண்டே சில பணிகளைத் தொடங்கலாம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் விழுப்புரம் மாவட்டம் விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரு வருவாய்க் கோட்டங்களைக் கொண்டுள்ளது. கோட்ட அளவில் அனைத்து வகைக் காப்பகங்களுக்கும் ஒரே பட்டியல் தொகுத்து, எது எச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது என்பதைப் பொதுவில் வெளியிடுதல் முதற்பணி. திருமுக்கூடலில் கல்லில் செய்ததை இன்று இணையத்தில் செய்வது அரிதன்று.

இரண்டாவதாக, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் மாதந்தோறும் காப்பகங்களுக்குச் சென்று உறைவோரைத் தனித்துச் சந்திக்கலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2016இல் வகுத்த மூத்த குடிமக்களுக்கான திட்டம் இதற்கு அடிப்படையாகும். மூன்றாவதாக, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளிக்கலாம். பிறந்தநாளில் உணவு வழங்கி ஒளிப்படம் எடுத்துத் திரும்பும் வருகையினின்று, ஒருவரின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்து அடுத்த மாதமும் வந்து அவரையே வினவும் வருகைக்கு மாணவர்களைப் பழக்குவது இப்பயிற்சியின் நோக்கமாகும். நான்காவதாக, சேர்க்கைப் படிவத்தில் உறைபவரின் இசைவுக்கும் கையொப்பத்திற்கும் அவர் நியமிக்கும் பிரதிநிதிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இடமாற்றம், இறப்பு ஆகியவற்றைக் குறித்த நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுத்து வழி அறிவிக்க வேண்டும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, ஓய்வூதிய வங்கிப் புத்தகம் ஆகியவை உறைபவர் கையில் இருக்கின்றனவா என்பதையும் ஆய்வில் சேர்க்க வேண்டும்.

கடுமையான ஒழுங்குமுறை, நன்னோக்குடன் இயங்கும் சிறு இல்லங்களையும் மூடச் செய்து உறைவோரை மீண்டும் வீதிக்குத் தள்ளிவிடும் என்ற மறுப்பு உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு காப்பகம் மூடப்படும்போது அங்கிருந்தோர் விரும்பிய இடத்திற்குச் செல்வதில்லை. மற்றொரு காப்பகத்திற்கே பெரும்பாலும் மாற்றப்படுகின்றனர். எனவேதான் உரிமத்தை மட்டும் வலியுறுத்துவது போதாது. உரிமம் கட்டடத்திற்கு வழங்கப்படுகிறது. வினவல் மனிதருக்கு உரியது. குறைகேட்பு முறை சிறு இல்லங்களுக்குச் செலவு மிகுந்ததன்று. நேர்மையாக நடத்துவோருக்கு அது காப்பாகவும் அமையும்.

முடிவுரை

காப்பக உறைவோரின் உரிமைகள் சட்ட நூல்களில் குறைவின்றி உள்ளன. பெயர்களின் குழப்பமும், அறத்தை நன்றிக்கடனாகக் காணும் மனப்பாங்கும், உறைபவரின் சார்புநிலையும் அவ்வுரிமைகளை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றன. ஏர்வாடி, பாலேஸ்வரம், குண்டலப்புலியூர் ஆகிய மூன்றும் தற்செயலாகவே வெளிப்பட்டன என்பதனால், தற்செயல் நிகழாத இடங்களின் நிலை என்ன என்ற வினா எஞ்சுகிறது. அவ்வினாவிற்கு விடை காண்பதற்கு வழி, கேட்பாரற்றோருக்குக் கேட்பவரை நிலையாக ஏற்படுத்துவதே. காப்பகங்களின் பதிவேடுகள், படிவங்கள், உறைவோரின் வாய்மொழி வரலாறுகள் ஆகியவற்றை மாவட்ட அளவில் தொகுத்து ஆராய்தல் தமிழாய்வும் சமூகவியலும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும். அத்தொகுப்பின் முதற்பக்கத்தில், தம் பெயரைத் தாமே எழுதத் தெரிந்த ஒரு பாட்டியின் கையொப்பத்திற்கு இடம் இருத்தல் வேண்டும்.